கோத்தகிரியிலிருந்து கடலோர நகரத்துக்குக் குடிபோகலாமா? இரண்டிலும் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டிக்காரன்

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில் இருக்கிறோம். மனைவிக்கு வங்கி வேலை. பதவி உயர்வு வந்திருக்கிறது, கூடவே இடமாற்றமும். சென்னையா, தூத்துக்குடியா என்று இந்த மாதக் கடைசிக்குள் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். எது கிடைத்தாலும் கடற்கரை ஊர்தான்.

எனக்கு சிசிடிவி கேமரா மாட்டுவது, யுபிஎஸ் சர்வீஸ் என்று வேலை, அதை எங்கே போனாலும் செய்துகொள்ளலாம். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, பறிப்புக் கூலியும் உரமும் போனால் பச்சைத் தேயிலை விலைக்குக் கையில் நிற்பது கொஞ்சம்தான். மகள் எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கு மூட்டு வலி, பனிக்காலம் வந்தால் வீசிங்.

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் முடிவதே இல்லை. அம்மா 'சுனாமி வந்த கடல் பக்கமா?' என்கிறார். மாமனார் '2009ல் மண் சரிந்தபோது எங்கே இருந்தீர்கள், இந்த மலையில்தானே?' என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மெரினாவுக்குப் போய் கால் நனைத்து வந்த அனுபவம் எனக்கும் உண்டு, அது வேண்டாம். வாடகை கொடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்தவர்கள் நல்லது கெட்டதை எழுதினால் பெரிய உதவி.

முத்துநகர்

சொந்த ஊர் தூத்துக்குடி, வேலைக்காக இப்போது குன்னூரில். உங்களுக்கு நேர்மாறாக வந்தவன், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் தொழிலைப் பற்றி, ஏனென்றால் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உப்புக்காற்று இரும்பை விடாது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாட்டுகிற கேமராவில் சாதாரண ஸ்க்ரூ போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் தலை உதிர்ந்து, கழற்ற முடியாமல் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், கனெக்டர் மேல் கிரீஸ் தடவி டேப் சுற்றுவது, இதெல்லாம் அங்கே அடிப்படை. ஏசியின் வெளி யூனிட், ஜன்னல் கிரில், பைக் செயின், கேஸ் அடுப்பின் கால் என்று எல்லாவற்றுக்கும் ஆயுள் குறைவு. மலையில் ஒரு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் மறந்துவிடலாம், எங்கள் ஊரில் அது வருஷாவருஷச் செலவு. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள், உங்களைப் போன்றவர்களுக்கு வேலை ஓயவே ஓயாது. துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளம், மீன் ஏற்றுமதி குடோன்கள் இருக்கிற ஊர், இப்போது மின்சாரக் கார் தொழிற்சாலையும் வந்துவிட்டது.

அப்புறம் புழுக்கம். வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம். ராத்திரி பத்து மணிக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், மலையில் பிறந்தவர்களுக்கு அதுதான் முதல் வருஷம் பெரிய பாடு. பிள்ளைகளுக்கு வேர்க்குரு வரும், குளித்துவிட்டு வந்தாலும் குளித்த மாதிரியே இருக்காது.

2023 டிசம்பரை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. உங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 82 செ.மீ. பெய்ததைத்தான் அதுவரை எல்லோரும் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மலையில் அத்தனை மழை பெய்தால் தண்ணீர் பாதையையும் மண்ணையும் பிய்த்துக்கொண்டு கீழே ஓடிவிடும். எங்கள் ஊர் தட்டைத் தரை, தண்ணீருக்குப் போக இடமில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தாமிரபரணியே ஊருக்குள் வந்தது, மாநகரத்திலும் தாழ்ந்த தெருக்களில் நாள் கணக்கில் நின்றது. என் அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜ் மிதந்தது, மெத்தை, அரிசி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயிற்று. மூன்று தெரு தள்ளி, சற்று மேடான இடத்தில் இருந்த என் தம்பி வீட்டுப் படிக்கட்டைக்கூடத் தண்ணீர் தொடவில்லை.

சரிவு_வீடு

நான் குன்னூர். நேராகச் சொல்கிறேன், போய்விடுங்கள். மலையை விட்டுப் போகக்கூடாது என்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் கோவையில் ஒரு வீடு வைத்திருப்பவர்கள்.

இங்கே என்ன பாதுகாப்பு இருக்கிறது? 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1978, 79லும் நடந்தது. 2024ல் கூடலூரைத் தாண்டி வயநாட்டில் என்ன ஆயிற்று என்று எல்லோரும் பார்த்தோம். மழைக்காலம் வந்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கேயாவது மரம் விழும், கல் உருளும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் பதினான்கு கொண்டை ஊசி வளைவு இறங்கி கோவை போய்ச் சேருவதற்குள் உயிர் இருந்தால் உண்டு. தேயிலை விலையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை மூடியபிறகு ஊட்டியில் சொல்லிக்கொள்ள என்ன தொழில் வந்தது? ஹோட்டலும் காட்டேஜும்தான். அந்த வருமானமும் வெளியூர் முதலாளிக்கு, நம் பிள்ளைகளுக்கு ரூம் பாய் வேலை.

இத்தனை மழை பெய்கிற ஊரில், கோடை வந்தால் ரேலியா அணை தரை தட்டி, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறோம். கரடி, காட்டுமாடு கதையெல்லாம் நான் ஆரம்பிக்கவே இல்லை. பெண் குழந்தை டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு நடந்து வர முடிகிறதா இங்கே?

பண்ணைக்காடு

சரிவு_வீடு சொல்கிற வேதனை புரிகிறது, ஆனால் 'மலை ஆபத்து, கடலோரம் பிழைப்பு' என்று இரண்டாகப் பிரித்துவிடுவதை ஏற்க முடியவில்லை. நான் பழனி மலைக்காரன், காப்பியும் மலை வாழையும்தான் பிழைப்பு. 2018 நவம்பர் 16ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, தஞ்சைத் தென்னை எல்லாம் சாய்ந்தது ஊருக்கே தெரியும். அதே புயல் திண்டுக்கல் வழியாக எங்கள் மலைக்கும் ஏறி வந்தது. காப்பிக்கு நிழல் தந்த மரங்கள் செடியின் மேலேயே விழுந்தன, வத்தலக்குண்டு ரோடு அடைபட்டது, மின்சாரம் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மண் சரிவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். சென்னை மூழ்குவதும் அதே மழையில்தான். ஒரே மேகம் அங்கே பள்ளத்தைப் பார்க்கிறது, இங்கே சரிவைப் பார்க்கிறது. அதனால் ஊரை மாற்றினால் பயம் போய்விடும் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு மேலே சரிவை வெட்டி யாராவது காட்டேஜ் கட்டுகிறார்களா என்று இங்கே பார்க்கிறோம், அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஒன்றரை ஏக்கரை விற்காதீர்கள். குத்தகைக்கு விடுங்கள், பங்காளி கையில் கொடுங்கள், ஒன்றும் இல்லையென்றால் சும்மா கிடக்கட்டும். வாங்க வருகிறவர்கள் தேயிலை பறிக்க வாங்க மாட்டார்கள்.

சோழிங்கநல்லூர்_கோடைக்காரி

எனக்குப் பிறந்த ஊர் கொடைக்கானல், கல்யாணத்துக்குப் பிறகு சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை). கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

நல்லதை முதலில் சொல்கிறேன். வேலை, படிப்பு, மருத்துவம் மூன்றுக்கும் சென்னைக்கு இணையாக நம் மாநிலத்தில் வேறு ஊர் இல்லை. பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்களுக்கு எளிதில் புரியாது. இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் இறங்கித் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிறேன், தெருவில் கடை திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். எட்டாம் வகுப்பு மகளுக்கு நூலகம், நீச்சல், கோச்சிங் எல்லாம் பஸ் தூரத்தில் கிடைக்கும். கொடைக்கானலில் நான் பிளஸ் டூ படித்தபோது இயற்பியல் டியூஷனுக்கு ஆளே இல்லை.

கடற்காற்றை இங்கிருப்பவர்கள் சொத்து மாதிரி பேசுவார்கள், அது உண்மையும்கூட. கோடையில் மதியம் கிழக்கிலிருந்து காற்று திரும்பியதும் கடலை ஒட்டிய தெருக்களில் சூடு சட்டென்று இறங்கும். மேற்கே போகப் போக அது தாமதமாகத்தான் போய்ச் சேரும். மேற்குக் காற்று பலமாக வீசுகிற நாளில் கடற்காற்று உள்ளே வரவே முடியாமல் தவிக்கும், 40 டிகிரி தாண்டுவது அந்த நாட்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. நீங்கள் ஏசி இல்லாமல் முதல் கோடையைத் தாண்ட முடியாது, கரண்ட் பில்லைச் சம்பளக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தண்ணீர்: 2019ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசை போட்டு, பாத்திரம் கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, விருந்தாளி வருகிறேன் என்றால் பயந்து வாழ்ந்தோம். இப்போது தென்சென்னைக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இரண்டு இருக்கிறது, பழையது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024ல் திறந்தது 15 கோடி லிட்டர். நிலைமை தேவலை. ஆனாலும் ஓஎம்ஆரில் பல அடுக்குமாடிகள் இன்னமும் லாரியை நம்பித்தான் ஓடுகின்றன. வீடு பார்க்கும்போது வாடகையோடு சேர்த்து 'மாதப் பராமரிப்பில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு?' என்று கேளுங்கள். குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள், உப்புத் தண்ணீரில் நுரை வராது. எங்கள் பழைய வீட்டில் பக்கெட் விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும், தலைமுடி கொட்டியது தனிக்கதை.

வெள்ளம்: இதில்தான் நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள், கடலுக்குப் பக்கத்தில் போனால் மூழ்கிவிடுவோம் என்று. 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் அதிகம் தவித்தது வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம். அவையெல்லாம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியும் சதுப்பும் ஆற்றோரமுமாக இருந்த நிலம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல் மேடு, பெய்கிற மழையை மண்ணே குடித்துவிடும், நல்ல தண்ணீரும் கிடைக்கும். ஆனால் அங்கே இரண்டு பெட்ரூம் வீடு 25,000க்குக் கீழே தேடினால் கஷ்டம். அதே பணத்துக்கு உள்ளே தள்ளி நீச்சல் குளத்தோடு வீடு காட்டுவார்கள். அந்த வித்தியாசம் ஏன் என்று அடுத்த டிசம்பரில் தெரியும். மிக்ஜாமில் எங்கள் தெருவில் படகு வந்தது, இரண்டாவது மாடியில் பால் இல்லாமல் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்குக் கயிற்றில் பை கட்டி அனுப்பினோம்.

லோயர்பஜார்_மருந்தகம்

ஊட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அம்மா விஷயமாக மட்டும் எழுதுகிறேன்.

மூட்டு வலிக்குச் சூடான ஊர் இதமாக இருக்கும் என்று கீழே போன பலர் சொல்கிறார்கள், ஏறி இறங்க மேடு இல்லாததும் ஒரு காரணம். வீசிங் அப்படி நேராகச் சொல்ல முடியாது. சிலருக்குக் குளிர்ந்த காற்று தூண்டும், சிலருக்கு ஈரப்பதமும் பூஞ்சையும் தூண்டும், சிலருக்குத் தூசியும் வண்டிப் புகையும். கடலோரத்தில் ஈரமும் உண்டு, பெரிய நகரத்தில் புகையும் உண்டு. அதனால் இப்போதைய டாக்டரிடம் கேட்டுவிட்டு, அம்மாவை ஒரு மாதமாவது அங்கே உறவினர் வீட்டில் தங்க வைத்துப் பாருங்கள். இன்ஹேலரை மறந்துவிட வேண்டாம்.

சரிவு_வீடு சொன்னதில் ஒரு திருத்தம். ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் கோவைக்கு ஓட வேண்டிய காலம் மாறிக்கொண்டு வருகிறது. இன்னும் நிறைய வர வேண்டும், ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடாது.

சரிவு_வீடு

திறந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது அது இல்லை. அதனால்தான் அப்படி எழுதினேன்.

காசிமேடு_கரை

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது மனைவி ஊரான கோத்தகிரிக்கு அடிக்கடி வருபவன். வாடகைக்குப் போவது வேறு, பிற்பாடு அங்கேயே இடம் வாங்கலாம் என்று ஆசை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்ட ஆரம்பித்ததும் அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே சேர்ந்தது, மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வருவது நின்று, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. என் தாத்தா கட்டுமரம் ஏற்றி வைத்த மணல் இப்போது தண்ணீருக்குள். கரை நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் நின்று வலை உலர்த்தக்கூட முடியாது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர் வந்தபிறகு ஊர்க் கடற்கரையே காணாமல் போய், பிறகு செயற்கையாக மணல் சேர்க்க வேண்டி வந்தது. அதனால் 'கடல் பார்த்த வீடு' என்று ஒருவர் விற்க வந்தால், பக்கத்தில் தெற்கே துறைமுகமோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள்.

மலையில் வீடு கட்ட ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி, ஏழு மீட்டர் உயர வரம்பு என்று இருக்கிற மாதிரி, இங்கே கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறி வருகிற உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். பத்திரம் பதிந்துவிட்டது என்பதால் கட்டிடத்துக்கு அனுமதி உண்டு என்று ஆகாது.

எண்ணூர் பக்கம் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். அங்கே இருப்பவர்கள் என் சொந்தக்காரர்கள், அவர்களைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு, அதே மாதக் கடைசியில் அம்மோனியா வாயு. வீசிங் இருக்கிற அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம்.

சுனாமி பற்றி அம்மாவுக்குப் பயம் என்றீர்கள். 2004ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், எங்கள் குப்பத்திலும் சாவு விழுந்தது, அந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். அன்று முன்னறிவிப்பு என்று ஒன்றுமே கிடையாது. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, இப்போது செய்தி வந்து சேரும். இரண்டாவது தளத்துக்கு மேல், கரையை விட்டுச் சற்றுத் தள்ளி வீடு பார்த்தால் அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார்.

நல்ல விஷயம் ஒன்றாவது சொல்ல வேண்டுமே: மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது விலை ஏறும். மற்ற நாளில் விடியற்காலை கரைக்குப் போனால் அப்போதுதான் இறங்கிய சங்கராவும் நெத்திலியும் கூடையில் துள்ளும். ஐஸில் நாள் கணக்கில் கிடந்து மலைக்கு ஏறி வருகிற மீனைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதல் குழம்பிலேயே தெரிந்துவிடும்.

ஹட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. சோழிங்கநல்லூர் தங்கை எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், மனைவி மணல் மேடு பற்றிச் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று. தேயிலையைப் பார்க்க அடிக்கடி வந்து போக வேண்டுமே, அதற்கு எந்த ஊர் வசதி?

முத்துநகர்

என் ஊரை விட்டுக் கொடுக்க மனமில்லை, ஆனால் இதில் சென்னைதான். நீலகிரி எக்ஸ்பிரஸ் தினமும் ராத்திரி கிளம்பி விடிந்ததும் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி பஸ். தூத்துக்குடியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 2024ல் விட்ட ரயில் வாரம் இரண்டு நாள்தான். மற்றபடி வாடகை, போக்குவரத்து நெரிசல், அக்கம்பக்கம் முகம் தெரிந்து பழகுவது, இதில் எல்லாம் எங்கள் ஊர் முந்தும். குடிநீரும் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர்.

சோழிங்கநல்லூர்_கோடைக்காரி

சென்னை என்றால் அண்ணி வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கட்டும், வீட்டுக்கு அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் தெருவில் நடந்து பாருங்கள். தரைத்தளச் சுவரில் முழங்கால் உயரத்தில் கோடு மாதிரி கறை இருக்கும், புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மீட்டர் பெட்டியைப் பாருங்கள், தண்ணீர் ஏறின ஊரில் அதை உயரத் தூக்கி மாட்டியிருப்பார்கள். புரோக்கரிடம் கேட்பதை விட இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், எந்த வருஷம் எதுவரை வந்தது என்று கையை வைத்துக் காட்டுவார்.

பண்ணைக்காடு

நிலம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஹட்டிக்காரன்

விற்கவில்லை அண்ணே. பெரியப்பா மகன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், இலைப் பணத்தில் பாதி அவனுக்கு.

முதல் விருப்பம் சென்னை, இரண்டாவது தூத்துக்குடி என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். மனைவி முதலில் போகிறார். மகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை நானும் அம்மாவும் இங்கேயே. அதற்கு முன்னால் அம்மாவை ஒரு மாதம் தங்கை முறை உறவினர் வீட்டில், அடையாறில், இருத்திப் பார்க்கப்போகிறோம். மூச்சு சரியாக இருந்தால் திருவான்மியூர் பக்கம் சின்ன வீடாக, பழைய கட்டிடமாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடுவோம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அம்மா பெரியப்பா வீட்டோடு இங்கேயே இருக்கட்டும், நான் வந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

முத்துநகர், அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவில் எது வாங்க வேண்டும்? இங்கே கடையில் ஒரே வகைதான் இருக்கிறது.

முத்துநகர்

304, 316 என்று இரண்டு கிரேடு உண்டு. கடல் பக்கத்துக்கு 316 கேளுங்கள், விலை கூடத்தான், ஆனால் கறை பிடிப்பது குறைவு. கோவையில் நட்டு போல்ட்டு மொத்தக் கடைகளில் கிடைக்கும், போகும்போதே ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.